சென்னையில் முதல் இரண்டு நாள்: சோடியாய்ப் போவோருக்கு

2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானபின், உடுப்பிட்டியிலிருந்து சென்னைக்குப் போவது கொழும்புக்குப் போவதைவிடச் சுகம். ஆனால் சிக்கனமாகப் போவோருக்குக் கையைக் கடிப்பது இறங்கிய முதல் இரண்டு நாள்தான்.

1. அறை பதியமுன், "இலங்கைக் கடவுச்சீட்டுக்காரரை எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் அவர்களின் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்தக் கரைச்சலுக்குப் பயந்தே சில மலிவு லொட்ஜுகள் வாசலில் வைத்துத் திருப்பிவிடும். இரவில் பெட்டியோடு தெருவில் நின்றால் சொன்ன விலைக்குத்தான் அறை.

2. விடுதியில் தம்பதி என்று காட்ட, விவாகச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள். மனைவியின் கடவுச்சீட்டில் பெரும்பாலும் தகப்பன் பெயர்தானே இருக்கும்!

3. விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் காசு மாற்றுங்கள். நகருக்குள் பொதுவாகக் கூடுதலாகத் தருவார்கள். இலங்கை ரூபாயை நம்பாமல், இங்கேயே வங்கியில் டொலர் வாங்கிப் போங்கள்.

4. டாக்சிக்காரர் கூப்பிட்டாலும் நில்லாதீர்கள். எதிர்ப்பக்கம் திரிசூலம் ரயில் நிலையம். மாம்பலத்தில் இறங்கினால் தியாகராய நகர். சென்ட்ரல் பக்கம் போவோருக்கு மெட்ரோ.

5. காசையும் கார்டையும் இருவர் பையிலும் பிரித்து வையுங்கள். ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்.

6. விடுதி விலாசத்தைத் தாளில் எழுதுங்கள். புது சிம் வேலைசெய்யச் சுணங்கலாம்.

7. அடப்டர் கொண்டுபோங்கள். நம் சதுர முள் பிளக் அங்கே பொருந்தாது.

மணிக்கூட்டை மாற்ற வேண்டாம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.