சி.டி. நகல் ஆர்டர் கொடுக்குமுன்: நாங்கள் கற்ற பாடம்



கொல்லிமலையில் சோளக்காட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் எங்களிடம் சரக்கெடுக்க வந்தார். பில் போட்டு முடித்ததும், “ஏனுங்கய்யா, ஆடிப் பதினெட்டுக்கு வாடிக்கைக்காரங்களுக்குப் பாட்டு நிரப்பின பென் டிரைவ் கொடுக்கலாம்னு இருக்கேன். கடைப் பேரையும் அதுல அச்சடிச்சுத் தர்றாங்களாம். நூறு பீஸ் சொல்லிரட்டுங்களா?” என்று கேட்டார். அவருக்கு உடனே பதில் சொல்லாமல், 2008-இல் நாங்கள் சி.டி. போட்டு நஷ்டப்பட்ட கதையைச் சொன்னோம். அதுவே நமது உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் மொத்தக் கடை சேந்தமங்கலத்தில் உள்ளது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேடு, சோளக்காடு கடைகளுக்குச் சரக்கு அனுப்புகிறோம். மலையிலிருந்து மிளகும் காப்பிக் கொட்டையும் எங்களிடம் இறங்கும். வல்வில் ஓரி விழாவும் ஆடிப்பெருக்கும் சேர்ந்து வரும்போது அறப்பளீசுவரர் கோயிலில் கூட்டம் நிரம்பும். அந்த நாளில் வாடிக்கையாளர்களுக்குக் காலண்டர், பை என்று கொடுப்பதற்குப் பதில் புதிதாக ஏதாவது செய்ய எண்ணினோம்.

அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் நம் மலைச் சாமி பேரில் உள்ள நூல். அதிலிருந்து சில பாடல்களை, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரைப் பாட வைத்துப் பதிவு செய்தோம். ஒரு நகரத்தில் இருந்த நகல் நிலையத்தில் 500 சி.டி.க்குச் சொல்லிப் பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டினோம்.

பெட்டிகள் விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தால் “அரப்பளீசுர சதகம்” என்று இருக்கிறது. றகரம் ரகரமாகி விட்டது. போனில் சண்டை போட்டோம். “நீங்கள் கையெழுத்துப் போட்ட மாதிரியில் அப்படித்தான் உள்ளது” என்றார்கள். எடுத்துப் பார்த்தோம், அவர்கள் சொன்னது உண்மை. வரவு செலவில் கால் ரூபாய் விடாத நாங்கள், அந்தத் தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தோம்.

சரி, சாமி பேர் ஒலியில் சரியாக இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டு கொடுத்து விட்டோம். பத்து நாளில் மிளகு கொண்டு வரும் பெரியவர் ஒருவர் வந்தார். “மொதலாளி, உங்க தட்டை ஜீப்புல போட்டேன். உள்ள போனது திரும்பி வரல” என்றார். தட்டின் மேல் ஒட்டியிருந்தது காகித ஸ்டிக்கர். மலையின் பனியிலும் ஈரத்திலும் விளிம்பு கிளம்பிப் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டது. பழுது பார்த்த கூலியை நாங்கள் கொடுத்தோம். மீதமிருந்த 160 தட்டுகளைக் கிடங்கில் போட்டு மூடினோம்.

நகல் இரண்டு வகை

இந்தத் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கணினியில் வெற்றுத் தட்டைப் போட்டு எழுதுவது ஒரு வகை. ஆலையில் வார்ப்பது இன்னொரு வகை. ஆலையில் கண்ணாடி மூலத்தட்டு செய்து, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, உருக்கிய பாலிகார்பனேட்டை அந்த அச்சில் வார்த்து, அலுமினியம் பூசி, மேலே காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். எழுதும் தட்டில் சாயப் பூச்சில்தான் ஒலி பதிகிறது. வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். வார்த்த தட்டுக்கு அந்தச் சாயம் இல்லை.

வார்ப்பதற்கு மூலச் செலவு உண்டு. ஆகவே சிறு எண்ணிக்கைக்குக் கட்டாது. கணக்குக்காக மூலச் செலவு 6,000 ரூபாய், தட்டு ஒன்றுக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 500 போட்டால் ஒன்று 20 ரூபாய். 1,000 போட்டால் 14 ரூபாய். 3,000 போட்டால் 10 ரூபாய். “பத்து ரூபாய்தானே” என்று 3,000 போட்டு 900 மட்டும் செலவானால், கொடுத்த ஒவ்வொன்றும் 33 ரூபாய்க்கு மேல் விழுகிறது. விலை இறங்குகிறது என்று தேவைக்கு மேல் புளி வாங்கி வைப்பவர் உண்டா? இதுவும் சரக்குதான்.

ஆர்டர் தாளில் எழுத வேண்டியவை

1. வகை: எழுதுவதா, வார்ப்பதா என்று பில்லிலேயே எழுதி வாங்கவும். சாதாரண சி.டி. 80 நிமிடம் ஒலி அல்லது 700 மெகாபைட் கொள்ளும், ஓரடுக்கு டி.வி.டி. 4.7 ஜிகாபைட். எம்.பி.3 ஆகப் போட்டால் நிறையப் பாட்டு அடங்கும்; ஆனால் பழைய சி.டி. பெட்டிகள் பல அதைப் பாடாது.

2. மேல் அச்சு: காகித ஸ்டிக்கர் வேண்டாம். தட்டின் மேலேயே அச்சிடச் சொல்லவும். தட்டின் விட்டம் 120 மி.மீ., நடுத்துளை 15 மி.மீ. பேரோ சாமி படமோ துளையில் விழாதபடி வரைய வேண்டும். சாமி முகத்தில் துளை விழுந்தால் பார்ப்பவர் மனம் நோகும்.

3. எழுத்து: தமிழ் எழுத்துருக்கள் முன்பு ஆளுக்கு ஒரு முறையில் இருந்தன. ஒரு கணினியில் சரியாக இருந்தது இன்னொன்றில் உருமாறி வந்தது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகு நிலைமை தேறியது. ஆனாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் உண்டு. தாளில் எடுத்த மாதிரியை மட்டுமே நம்பவும்.

4. மாதிரி: தாளை இரண்டு பேர் படிக்க வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட வேண்டும். மாதிரித் தட்டு ஒன்றைக் கார், டி.வி.டி. பெட்டி, கணினி மூன்றிலும் முதலிலிருந்து கடைசி வரை கேட்ட பிறகே கையெழுத்து.

5. தவணை: விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பு சரக்கு கைக்கு வர வேண்டும். தாமதமானால் என்ன கழிவு, பழுதானால் மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கவும். வந்ததும் பெட்டிக்குப் பெட்டி சில தட்டுகளை எடுத்துப் போட்டுப் பார்க்கவும்.

6. மூலம்: வேலை முடிந்ததும் மூலப் பதிவையும் அச்சுப் படத்தையும் திரும்ப வாங்கி வைக்கவும். இதை ஏன் கடைசியில் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

சட்டம்

பதிப்புரிமைச் சட்டம், 1957 நம் கடைக்கும் பொருந்தும். அனுமதியின்றி நகல் போட்டால் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2004-இல் குண்டர் சட்டத்திலும் திருட்டு வீடியோக் குற்றம் சேர்க்கப்பட்டது. “இலவசமாகத்தானே கொடுக்கிறோம்” என்பது பதிலாகாது.

“தேவாரமும் திருப்புகழும் யாருக்குச் சொந்தம்?” என்று கேட்பார்கள். பாட்டு பழையது, அதற்கு உரிமையாளர் இல்லை. ஆனால் பாடகர் பாடிக் கம்பெனி வெளியிட்ட பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஆகவே பழைய பாட்டை நம் ஊர் ஓதுவாரைப் பாட வைத்துப் பதியலாம், கம்பெனி சி.டி.யிலிருந்து எடுக்கக் கூடாது. பாடுபவரிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் பெற வேண்டும்.

52-ஏ பிரிவின்படி ஒலிப்பதிவிலும் உறையிலும் பதிவு செய்தவர் பெயர் முகவரி, உரிமையாளர் பெயர் முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். எங்கள் தட்டில் கடைப் பேர் மட்டும் பெரிதாக இருந்தது!

வரியிலும் ஒரு விஷயம். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 17(5) பிரிவின்படி, அன்பளிப்பாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கட்டிய வரியையும் அடக்கத்தில் சேர்த்தே கணக்குப் பார்க்கவும்.

இன்றைய நிலை

ஒரு காலத்தில் மோசர் பேயர் நிறுவனம் படங்களை 28 ரூபாய் வி.சி.டி.யாகவும் 34 ரூபாய் டி.வி.டி.யாகவும் விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அந்த நிறுவனமே 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. இன்று வரும் புதுக் கார்களிலும் மடிக்கணினிகளிலும் தட்டுப் போடும் இடமே அரிதாகி விட்டது. ஆகவே யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்களில் பத்துப் பேரிடம் “வீட்டில் பெட்டி உண்டா?” என்று கேட்ட பிறகே சி.டி. ஆர்டர் கொடுக்க வேண்டும். பென் டிரைவ் ஆனாலும், காலண்டரில் கியூ.ஆர். கட்டம் போட்டாலும், மேலே சொன்ன மாதிரிப் பார்ப்பும் உரிமைச் சட்டமும் மாறுவதில்லை.

கடைசியாக ஒன்று. பாடிய ஆசிரியர் காலமாகி விட்டார். சில ஆண்டுகள் கழித்து அவர் மகன் கடைக்கு வந்து, “அப்பா குரல் வேற எதுலயும் இல்லைங்க. உங்ககிட்ட இருக்குமா?” என்று கேட்டார். மூலப் பதிவை நாங்கள் திரும்ப வாங்கவில்லை. நகல் நிலையத்தையும் மூடி விட்டார்கள். கிடங்கைத் திறந்து அந்த 160 தட்டுகளையும் எடுத்தோம். ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியில் போட்டோம். பல தட்டுகள் திக்கின. சில பேசவே இல்லை. முப்பதைத் தாண்டிய பிறகு ஒன்று முழுதாகப் பாடியது. அதைப் பதிந்து அவரிடம் கொடுத்தோம். நஷ்டக் கணக்கில் எழுதிய சரக்குக்கு அன்றுதான் வரவு வைத்தோம்.

சோளக்காட்டு இளைஞர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்பெனிப் பாட்டு வேண்டாம், மலையில் பாடுபவர்களையே கேட்டுப் பதிகிறேன் என்று சொல்லிப் போனார். சம்மதக் கடிதமும் மூலப் பதிவும் பத்திரம் என்று படி இறங்கும்போது மறுபடி நினைவூட்டினோம். உறுப்பினர்களுக்கும் அதையே சொல்கிறோம்.