விமானப் பட்டியலில் முதல் வரி

விருதுநகர்ச் சந்தையின் விலை நிலவரம் பத்திரிகைகளில் வெளிவருவதை நாம் அனைவரும் அறிவோம். உளுந்துக்கு இன்ன விலை, மல்லிக்கு இன்ன விலை, வற்றலுக்கு இன்ன விலை என்று அதில் காணப்படும். எந்தச் சரக்கு முதல் வரியில் நின்றாலும், எது கடைசி வரியில் நின்றாலும், வியாபாரம் அதனால் மாறுவதில்லை. தமக்கு வேண்டிய சரக்கு யாதென்பதை வாசிப்போர் முன்னரே அறிந்திருக்கின்றனர். ஆனால், வரிசையே வியாபாரத்தைப் பெரிதும் தீர்மானிக்கும் பட்டியல் ஒன்று இக்காலத்தில் உண்டு. அஃது இணையத்தில் ஆகாய விமானப் பிரயாணம் தேடுவோர்க்குக் கணிப்பொறி காட்டும் பட்டியலாம். அப்பட்டியலில் ஒரு விமானக் கம்பெனி எவ்வாறு விளங்குகிறது என்பதை அளக்கும் முறையை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சிவகாசிப் பட்டாசு பிரயாணியோடு விமானத்தில் ஏறாது. வெடிபொருளை உடன் கொண்டு செல்வதைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும், அதனை விற்கும் வர்த்தகர் விமானத்தில் ஏறுகின்றனர். 1922-ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கும் பொருட்டுக் கல்கத்தாவுக்குச் சென்றனர். தூரப் பிரயாணத்துக்கு இரயில் கால அட்டவணையே வழிகாட்டியாயிருந்த காலம் அது. இன்று அதே நகரத்துக்கு மதுரையிலிருந்து வழி தேடும் சிவகாசி வர்த்தகர்முன், பற்பல கம்பெனிகளும், பற்பல இடைமாற்றங்களும், பற்பல கட்டணங்களும் வரிவரியாகத் தோன்றுகின்றன. அவர் அவற்றுள் எத்தனை வரிகளைப் படிக்கிறார்? இதுவே கேள்வி.

இக்கேள்வி அமெரிக்க தேசத்தில் முன்னரே எழுந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்னும் கம்பெனி, ஐ.பி.எம். கம்பெனியின் துணைகொண்டு, 'சேபர்' என்னும் முன்பதிவு ஏற்பாட்டை 1960-களில் நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1976 முதல் அதன் திரைகள் பிரயாண ஏஜெண்டுகளின் காரியாலயங்களிலும் இடம்பெற்றன. அவ்வேஜெண்டுகள் எவ்விமானத்தைத் தெரிந்தெடுக்கின்றனர் என்று அக்கம்பெனியார் ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் முதல் வரியிலுள்ள விமானமே கொள்ளப்பட்டதென்றும், நூற்றுக்கு 92 தடவைகளில் முதல் திரைக்கு அப்பால் எவரும் செல்லவில்லையென்றும் தெரியவந்தது. பட்டியலைத் தயாரிப்பவரே பந்தயத்தில் ஓடுபவராகவும் இருந்தமையால், இதன் விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. 1981-இல் நியூயார்க் ஏர் என்னும் சிறு கம்பெனி, நியூயார்க்கிலிருந்து டெட்ராய்ட் நகருக்குப் புதிய விமானங்களை விட்டது. சில காலத்துக்குள் அவை திரையின் அடியிலே தோன்றலாயின. முன்பதிவுகள் வற்றின. நாளொன்றுக்கு எட்டாக இருந்த அவ்விமானங்கள் ஒன்றுமில்லாமற் போயின. விமானம் பழுதுபட்டதன்று, கட்டணம் மிகுந்ததன்று, வரி கீழே இறங்கியது, அவ்வளவே.

இதன்பின் 1984-இல் அமெரிக்க அரசாங்கத்தார், திரையில் பாரபட்சம் காட்டலாகாதென்று விதி வகுத்தனர். ஐரோப்பிய நாடுகளும் 1989-இல் இத்தகைய நடைமுறை விதிகளை ஏற்படுத்தின. இணையம் பரவி, பிரயாணிகள் தாமே டிக்கெட் வாங்கத் தொடங்கியபின், 2004-இல் அமெரிக்க விதிகள் கைவிடப்பட்டன. இப்பொழுது ஏஜெண்டின் இடத்தில் நாமே அமர்ந்திருக்கிறோம். முதல் வரியில் நிற்கும் கண்ணும் நம்முடையதே.

நிற்க. பட்டியலில் ஒரு கம்பெனியின் நிலையை அளப்பது எவ்வாறு? இதற்கு மூன்று அளவைகள் வேண்டும்.

முதலாவது, தோற்ற விகிதம். அதாவது, நூறு தேடல்களில் எத்தனை தேடல்களில் அக்கம்பெனி பட்டியலில் காணப்படுகிறது என்பது. பட்டியலிலேயே இல்லாத கம்பெனிக்கு மற்ற அளவைகளால் பயனில்லை.

இரண்டாவது, கிடைத்த இடம். அதாவது, காணப்பட்ட தேடல்களில் அஃது எத்தனையாவது வரியில் நின்றது என்பது.

மூன்றாவது, உரிய இடம். இதுவே பலரும் மறந்துவிடும் அளவை. பிரயாணி செலுத்தவேண்டிய முழுத் தொகையைக் கொண்டு, குறைந்ததிலிருந்து கூடியது வரை நாமே விமானங்களை வரிசைப்படுத்தினால், அக்கம்பெனி எத்தனையாவதாக வரும் என்பது. கட்டணத்துக்குப் பதிலாகப் பிரயாண நேரத்தைக் கொண்டும் இவ்வாறு செய்யலாம். கிடைத்த இடத்தை உரிய இடத்தோடு ஒப்பிட்டாலன்றி, ஒரு கம்பெனி பின்தங்குவது தன் குறையாலா, பட்டியலின் குறையாலா என்று கூறவியலாது.

ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். மதுரையிலிருந்து டில்லிக்கு ஐந்து தேடல்கள் செய்தோம் என்க. 'அ' என்னும் கம்பெனிக்குக் கிடைத்த இடங்கள் 1, 2, 2, 4, 21. இவற்றின் கூட்டுத்தொகை 30; சராசரி 6. இதனைக் கண்டோர், 'அக்கம்பெனி ஆறாம் இடத்தது' என்பர். ஆனால், ஐந்தில் நான்கு தடவை அது முதல் நான்கு வரிகளுக்குள் நின்றதன்றோ? இடங்களை வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதைக் கொண்டால், அதன் நிலை 2. ஆகவே, சராசரியை மாத்திரம் நம்பலாகாது. இனி, அதே தேடல்களில் உரிய இடங்கள் முறையே 1, 2, 2, 4, 3 என்று வைத்துக்கொள்வோம். நான்கு தேடல்களில் வேற்றுமை யாதுமில்லை. ஐந்தாவதில் மட்டும் 18 வரிகள் இறங்கியிருக்கின்றன. ஆராயவேண்டுவது அவ்வொரு தேடலையே. விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தோர் மேலே வைக்கப்பட்டனரா? பெட்டிக்குரிய கட்டணம் சிலருக்குச் சேர்க்கப்பட்டுச் சிலருக்கு விடப்பட்டதா? கட்டணம் பட்டியலுக்கு வந்து சேரத் தாமதித்ததா? அளவை குற்றவாளியைக் காட்டாது; எங்கே தேடவேண்டுமென்பதைக் காட்டும்.

இக்கணக்கைச் செய்வோர் சில பிழைகளினின்றும் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும். தேடல்கள் யாவும் ஒரே பிரயாணத் தேதிக்கும், ஒரே வேளையிலும், ஒரே தொகையினரான பிரயாணிகளுக்கும் செய்யப்படவேண்டும். ஏனெனில், விமானக் கட்டணம் நாழிகைக்கு நாழிகை மாறக்கூடியது. ஒரே விமானம் இரண்டு கம்பெனிகளின் பெயரால் இரண்டு வரிகளில் வருவதுண்டு. அதனை ஒன்றாகவே எண்ணுதல் முறை. கம்பெனிகளின் வரலாற்றையும் நினைவில் வைக்கவேண்டும். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு ஒன்றாயிற்று. இவற்றை அறியாது முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிடுவோர், ஏர் இந்தியா பட்டியலில் தன் திறமையாலேயே மேலோங்கியது என்று தவறாக முடிவு கட்டுவர். புறப்படும் இடமும் கவனிக்கத்தக்கது. நம் ஜில்லாவாசிக்கு மதுரையும் உண்டு, தூத்துக்குடியும் உண்டு. மதுரையை மட்டும் தேடுபவர் தூத்துக்குடியிலிருந்து செல்லும் விமானத்தைக் காணாமலே விடக்கூடும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு என்று சிலர் வினவலாம். விமானக் கம்பெனிக்கு இவ்வளவையால் இலாபமுண்டு. அஃது அவர்கள் கவலை. நமக்கு இதனால் வரும் பயன் வேறு. திரையில் 'சிறந்தவை' என்ற தலைப்பின்கீழ் ஒன்று நிற்குமாயின், யாருக்குச் சிறந்தது, எவ்வளவையால் சிறந்தது என்று கேட்கும் பழக்கம் படித்தவர்க்கு வேண்டும். நம் ஊர்க் கடைத்தெருவில் தராசைப் பாராமல் சரக்கு வாங்குவோர் இல்லை. தட்டு சமமாக நிற்கிறதா, படிக்கல் முத்திரையிட்டதா என்று பார்த்தபின்பே பணத்தை எண்ணுகிறோம். பட்டியலும் ஒரு தராசே. ஆனால் அதன் முள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, கணிதமும் பொருளாதாரமும் பயிலும் நம் மாணவர், ஒரு வார காலம் நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே வழியைத் தேடி, கிடைத்த இடத்தையும் உரிய இடத்தையும் இரண்டு பத்திகளாக எழுதி வைப்பாராக. அவ்விரண்டு பத்திகளும் ஒத்திருப்பின் பட்டியல் நேரியது என்று மகிழலாம். ஒவ்வாதிருப்பின், முதல் வரியின் உண்மை மதிப்பு எவ்வளவென்பதைத் தம் கையெழுத்திலேயே காண்பர்.