பணம் போனதா, போகவில்லையா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் ஆசையாகச் செய்து பார்ப்பது இணையத்தில் மின் கட்டணம் செலுத்துவதைத்தான். வரிசையில் நிற்க வேண்டாம் அல்லவா? ஆனால் பாதியில் திரை அப்படியே நின்றுவிட்டால்? டெபிட் கார்டிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாக மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். வந்துவிடும்; தளமோ ரசீது தராது. உடனே நம் கை எப்5 கீயைத் தேடும். வேண்டாம், சற்றுப் பொறுங்கள்.

இங்கே பேசிக்கொள்வது ஒரு கம்ப்யூட்டர் அல்ல. கட்டணத் தளத்தின் சர்வர், உங்கள் வங்கியின் சர்வர், இரண்டுக்கும் நடுவே பேமென்ட் கேட்வே. வங்கி பணத்தைக் கழித்துவிட்டு "கழித்தாயிற்று" என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வழியில் தொலைந்தால்தான் இந்தத் திண்டாட்டம். இப்போது ரெப்ரெஷ் செய்தால், பிரவுசர் கடைசியாக அனுப்பிய தகவலையே மீண்டும் அனுப்பக்கூடும். நன்றாக வடிவமைத்த தளம் அதை இரண்டாவது கட்டணமாக எடுத்துக்கொள்ளாது. எல்லாத் தளங்களையும் அப்படி நம்ப முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பொறுமையிழந்து மூன்று முறை அழுத்தியதில், மூன்று முறையும் பணம் போனது.

திரையில் வரும் சொல்லைக் கவனியுங்கள். "பெயில்டு" என்றால் கட்டணம் சேரவில்லை. கழித்த பணம் திரும்ப வேண்டும். "பெண்டிங்" என்றால் இன்னும் முடிவாகவில்லை. இந்த நிலையில் மறுபடி செலுத்தினால் இரண்டும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

திரும்பத் திரும்பக் கேட்பது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு ஓர் உதாரணம். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யூ.பி.ஐ. தடுமாறியது. "அந்தப் பணம் என்ன ஆயிற்று?" என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதனால் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல், ஒரு பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக்கூடாது, ஒவ்வொரு முறைக்கும் இடையே 90 விநாடி விட வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. கம்ப்யூட்டருக்கே இந்தக் கதி!

சரி, என்ன செய்யலாம்? விண்டோஸ் கீயுடன் பிரிண்ட் ஸ்கிரீன் கீயை அழுத்துங்கள். திரையின் படம் பிக்சர்ஸ் போல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற போல்டரில் சேவ் ஆகிவிடும். பரிமாற்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், யூ.பி.ஐ. என்றால் 12 இலக்க யூ.டி.ஆர். எண். அது இல்லாத புகார் நகராது.

கெடுவை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. இணையத்தில் கார்டு மூலம் செலுத்தியது, ஏ.டி.எம்.மில் வராத பணம், யூ.பி.ஐ. மூலம் கடைக்குச் செலுத்தியது ஆகியவற்றுக்கு 5 நாள், யூ.பி.ஐ.யில் ஒருவருக்கு அனுப்பியது என்றால் 1 நாள். நடந்த நாள் கணக்கில் சேராது. அதற்குள் பணம் திரும்பாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்குக் காத்திராமல் வங்கியே தர வேண்டும் என்பது விதி. இருந்தாலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள் என்பேன். 30 நாளாகியும் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு.

வங்கியின் போன் எண்ணை மட்டும் தேடுபொறியில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. உங்கள் கார்டின் பின்புறம் உள்ள எண்ணே போதும். பணத்தைத் திருப்பித் தருகிறேன், பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.