கொப்பறாவும் கச்சானும் பூஞ்சண நஞ்சும்

மகோற்சவ காலத்தில் கச்சான் கடை இல்லாத ஆலய வீதி எமது பிரதேசத்தில் இல்லையெனலாம். சுவாமி வீதியுலா முடிந்ததும் ஒரு சரை கச்சான் வாங்கிக் கொறித்தபடி வீடு திரும்புகிறோம். இடையில் ஒரு பருப்பு கசக்கும். முகத்தைச் சுழித்துக்கொண்டு அதையும் விழுங்கிவிடுவோம். அது பூஞ்சணம் பிடித்த பருப்பாக இருக்கக்கூடும்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் சில மாதங்களுள் இறந்தன. காரணம் தேடியபோது, அவற்றுக்குத் தீனியாகக் கொடுத்த கச்சான் புண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரியவந்தது. அதற்கு அஃப்லாடொக்சின் என்று பெயரிட்டனர். கச்சான், சோளம், கொப்பறா, செத்தல் மிளகாய் ஆகியன ஈரத்துடன் வெப்பமான இடத்தில் கிடந்தால் இப்பூஞ்சணம் வளரும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் இந்நஞ்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிசெய்யப்பட்ட பொருட்களுள் சேர்த்துள்ளது.

இது தாக்குவது ஈரலையே. ஒருநாள் உண்டதால் புற்றுநோய் வந்துவிடும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் உண்பதே ஆபத்து. ஈரல் அழற்சி பி வைரசு உடலில் உள்ளவர்களுக்கு இது பன்மடங்காகும். சீனாவின் சாங்காய் நகரில் 18,000க்கும் அதிகமான ஆண்களிடம் நடத்திய ஆய்வொன்றில், ஈரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு நஞ்சு மட்டும் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ 3 மடங்காகவும், வைரசு மட்டும் உள்ளவர்களுக்கு 7 மடங்காகவும், இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 60 மடங்காகவும் காணப்பட்டது. குழந்தைகளுக்கு இவ்வைரசுக்கான தடுப்பூசியைத் தவறாது போடுவிப்பது இதனால் இரட்டிப்பு நன்மையாகும்.

அடியார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது தேங்காய். பிள்ளையார் பெருங்கதை நாட்களில் எத்தனை தேங்காய்கள் உடைபடுகின்றன! அதுவோ மாரிகாலம். உடைத்த தேங்காயில் ஏறத்தாழப் பாதி நீர்தான்; அதனை நூற்றுக்கு 6 அளவுக்குக் குறைத்தால்தான் கொப்பறா பழுதாகாது. மழை இருட்டில் முற்றத்திலே பரப்பி, தூறல் வந்ததும் சாக்கில் அள்ளிக் கட்டினால் மறுநாளே பூஞ்சணம் தொடங்கும். மேலே துடைத்துவிட்டு ஆட்டுவதால் பயனில்லை. நஞ்சு உள்ளே ஊறியிருக்கும், எண்ணெயிலும் இறங்கும். சமையல் சூட்டில் முற்றாக அழியவும் மாட்டாது. 2021ஆம் ஆண்டில் இலங்கைக்கு இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் இந்நஞ்சு கண்டறியப்பட்டதைப் பலரும் அறிவர். ஊர்ச் செக்கில் ஆட்டும் எண்ணெயும் சுத்திகரிக்கப்படாததே. வெயில் இல்லாத நாட்களில் தேங்காயைச் சிரட்டை நெருப்பின் சூட்டில் உலர்த்தலாம். இயலாவிடில் அன்றே துருவிச் சமையலுக்கு எடுத்துவிடுவது நல்லது.

“பழுதான கொப்பறாவை விளக்குக்கு ஆட்டுவோம்” என்பார்கள். விளக்குக்கு ஆகட்டும். ஆனால் அதன் புண்ணாக்கு எங்கே போகிறது? பட்டியில் நிற்கும் மாட்டுக்கு. மாடு உண்ட நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வருகிறது. அந்தப் பாலில் ஒரு போத்தல் அபிடேகத்துக்கு வரும்; மிகுதி வீட்டுக் குழந்தைக்குப் போகும். ஆகையால் அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கோ கோழிக்கோ வைக்காமல் புதைத்துவிட வேண்டும். கச்சானிலும் சுருங்கியவை, நிறம் மாறியவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டே வறுக்க வேண்டும்; நஞ்சின் பெரும்பகுதி அந்தச் சில பருப்புகளிலேயே இருக்கும். கசப்பது வாயில் அகப்பட்டால் துப்பிவிடுங்கள்.