முதல் காசு மைக்குக்கு

வௌவாலின் மீயொலியைப் பதிவு செய்ய வீட்டிலேயே ஒரு டிஜிட்டல் கருவி கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் எந்த மைக்ரோகண்ட்ரோலர் வாங்குவது, அது எத்தனை மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கட்டிப் பழகியதில் எனக்கு உறுதிப்பட்டது வேறு. டீன்ஸி 4.1 போன்ற சிறு பலகையிலேயே இந்த வேலைக்குத் தேவையான வேகம் தாராளமாக இருக்கிறது. கருவி தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது, ஒலி எண்ணாக மாறுவதற்கு முன்னால் இருக்கும் பகுதி: மைக், ஆம்ப்ளிஃபயர், வடிகட்டி, இவற்றுக்குப் போகும் மின்சாரம். அங்கே கெட்டதைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

நம் ஊர் வௌவால்களையே எடுத்துக்கொள்வோம். வீட்டு இடுக்குகளில் தங்கும் சின்னஞ்சிறு பிப்பிஸ்ட்ரெல் வகைகள் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலி எழுப்புகின்றன. தரங்கம்பாடி மாதிரியைக் கொண்டு 1800-இல் பெயரிடப்பட்ட இலைமூக்கு வௌவால் ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ், 130-ஐ ஒட்டி ஒலிக்கிறது. நொடிக்கு 1,92,000 சாம்பிள் எடுக்கும் கருவி அதில் பாதி, அதாவது 96 கிலோஹெர்ட்ஸ் வரைதான் உண்மை சொல்லும். அதற்கு மேலுள்ளது பதிவாகாமல் போனால்கூடப் பரவாயில்லை. ஆனால் அது மடங்கிக் கீழே வந்து விழுகிறது. 192-இல் 130 போக 62. திரையில் 62 கிலோஹெர்ட்ஸில் அழகான, நம்பத்தகுந்த ஒரு கோடு நிற்கும்; அந்த இடத்தில் இல்லவே இல்லாத ஒரு வௌவாலை நாம் குறித்துக்கொள்வோம். ஆகவே 3,84,000 சாம்பிள் வேண்டும், அதோடு அதன் பாதியைத் தாண்டிய ஒலியை முன்னதாகவே தடுக்கும் வடிகட்டியும் வேண்டும். வடிகட்டியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் கூட்டுவது அரைவேலை.

ஆம்ப்ளிஃபயரில்தான் பலருடைய கருவி ஊமையாகிறது. கடையில் மலிவாகக் கிடைக்கும் மைக் மாட்யூல்கள் மனிதக் குரலுக்காகச் செய்தவை. எல்எம்358 சிப்பை நூறு மடங்கு பெருக்க வைத்தால், அதன் ஒரு மெகாஹெர்ட்ஸ் திறன் நூறால் வகுபட்டு 10 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும். மேலே சொன்ன எந்த வௌவாலும் அதற்குள் வராது. 10 மெகாஹெர்ட்ஸ் திறனுள்ள ஆப்-ஆம்பை எடுத்து, பத்து மடங்காக இரண்டு கட்டங்களில் பெருக்குவதே சரி. மைக்குக்கு நோல்ஸ் நிறுவனத்தின் எஸ்பியு0410எல்ஆர்5எச் போன்ற மெம்ஸ் வகையைப் பரிந்துரைக்கிறேன். 130-இல் அதன் உணர்திறன் இறங்கினாலும் அருகில் பறப்பது கிடைக்கும். அதன் ஒலித்துளை அடிப்பக்கம் இருப்பதால் சாலிடர் ஃப்ளக்ஸோ கழுவும் திரவமோ உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்துக்குப் பவர் பேங்க் வேண்டாம். அதற்குள் இருக்கும் மாற்றி சர்க்யூட்டின் இரைச்சல் வௌவால் ஒலிக்கும் பகுதியிலேயே வந்து உட்காரக்கூடும். சாதாரண பேட்டரியும் லீனியர் ரெகுலேட்டரும் போதும். மெமரி கார்டில் எழுதும்போது மின்னோட்டம் துள்ளும். அது மைக்கை எட்டாதபடி மைக்குக்குத் தனியாக ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போடுங்கள்.

இரைச்சலைப் பிறகு கணினியில் நீக்கிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நிலையான ஒரு கோட்டை நீக்கலாம்தான். மடங்கி விழுந்த 62-ஐயும் உண்மையான 62-ஐயும் பிரிக்க முடியாது. கோப்பில் இரண்டும் ஒரே எண்கள். இரைச்சலில் மூழ்கிய மெல்லிய ஒலியும் திரும்பாது. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று மீட்டருக்கு ஒரு டெசிபெலுக்குச் சற்று மேல் விழுங்குகிறது, 100-இல் அது மூன்றைத் தாண்டும். ஆகவே நாம் சேர்க்கும் ஒவ்வொரு டெசிபெல் இரைச்சலும் கருவி எட்டும் தூரத்தைக் குறைக்கிறது.

மீயொலியைக் காதுக்கு எட்டும் அளவுக்கு இறக்கித் தரும் ஹெட்டிரோடைன் கருவி எளிது, மலிவு, அந்தக் கணமே காதில் கேட்கும் என்பது இன்னொரு வாதம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்; பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்லது இல்லை. ஆனால் 45-இல் திருப்பி வைத்தால் அதை ஒட்டிய சில கிலோஹெர்ட்ஸ்தான் கேட்கும். 130-இல் கத்துவது தலைக்கு மேல் பறந்தாலும் தெரியாது. முழு அலையையும் பதிந்தால் பத்து மடங்கு மெதுவாக ஓட்டி 45-ஐ 4.5-ஆகக் கேட்கலாம், 5 மில்லிநொடிக் குரலை 50-ஆக நீட்டிப் பார்க்கலாம். 16 பிட்டில் மணிக்கு சுமார் 2.8 ஜிபி ஆகும். 32 ஜிபி கார்டு ஏறக்குறைய ஓர் இரவுக்குப் போதும். ஆடியோமாத் என்ற ஆயத்தக் கருவியே 3,84,000 சாம்பிள் எடுக்கிறதே என்றால், கணக்கெடுப்புதான் நோக்கமென்றால் அதையே வாங்குங்கள். கட்டுவதன் பயன், பதிவில் எது வௌவால், எது கருவியின் பிழை என்று பிரித்தறியக் கற்பது.

அதற்குச் செலவில்லாத சோதனை உண்டு. எச்.சி-எஸ்ஆர்04 தூரமானி 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை வெளியிடும். அதை முன்னால் வைத்துப் பதியுங்கள். பிறகு வடிகட்டியை மாற்றாமல் சாம்பிள் வேகத்தை மட்டும் 64,000-க்கு இறக்குங்கள். அதே ஒலி 24-இல் தெரியும். மடங்குவது என்னவென்று அப்போது கண்ணாலேயே புரியும். அடுத்து எல்இடி விளக்குகளை அணைத்துவிட்டு ஆளில்லாத அறையைப் பதிந்து, அந்தக் கோப்பை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது குகைக்குள்ளோ கோயில் மண்டபத்துக்குள்ளோ நுழைந்து உறங்குபவற்றைக் கலைக்க வேண்டாம். பொழுது சாயும்போது வெளியே நின்றாலே போதும். மூலக் கோப்பை மாற்றாமல் வைத்து, தேதி, நேரம், இடம், சாம்பிள் வேகம் நான்கையும் அதனுடன் எழுதிவையுங்கள்.