கூரையா, வலையா, துணியா: புனே மண்ணுக்கு ஏற்ற குடில் எது?

புனேயைச் சுற்றிக் குடில் போட்டுக் காய்கறி விளைவிக்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "பாலிஹவுஸா, நிழல்வலையா, எது லாபம்?" என்றுதான். நிலம் எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. லோனாவளா பக்கம் ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. புனே நகரத்தில் சுமார் 700 மி.மீ. கிழக்கே பாராமதி, இந்தாபூர் போனால் சுமார் 500 மி.மீ.தான். ஒரே மாவட்டத்தில் மேற்கே பயிருக்கு மழை பகை, கிழக்கே வெயில் பகை.

மேற்கே மாவள், முள்ஷி பக்கம் நிலம் என்றால் பாலிஹவுஸ் போடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இலை காயவே காயாது; நோய் பின்னாலேயே வரும். 200 மைக்ரான் தடிமனுள்ள, புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக் கூரை அங்கே தன் செலவுக்கு நியாயம் செய்கிறது. தளேகாவ் ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு வெளிநாடு போவதும் இப்படிப்பட்ட கூரைகளின் கீழிருந்துதான்.

பாலிஹவுஸுக்குள் என்ன நடுவது? சிவப்பு, மஞ்சள் குடமிளகாய்தான் முதல் தகுதி உடையது. பச்சைக் குடமிளகாய் வெளியிலும் விளையும். நிறம் ஏற வேண்டுமானால் காய் செடியிலேயே இன்னும் சில வாரம் இருக்க வேண்டும். அந்த நாட்களில்தான் வெயில் சுடும், புழு துளைக்கும், மழை அழுக வைக்கும். நட்டு 75, 80 நாளில் முதல் பறிப்பு. செடியை இரண்டு கிளையாக விட்டு நூலில் ஏற்றினால் எட்டு மாதம்வரை காய்க்கும். பாதிக்கு மேல் நிறம் ஏறியதும் வெயில் ஏறுமுன் காம்போடு வெட்டி எடுங்கள். கையால் முறித்தால் தண்டில் காயம் பட்டு நோய் புகும்.

புதிதாக இறங்குபவருக்கு நான் சொல்வது விதையில்லா வெள்ளரி. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பதால், வலை அடைத்த குடிலுக்குள் தேனீ வரவில்லையே என்ற கவலை கிடையாது. 40 நாளில் பணம் வரத் தொடங்கும். தினமும் பறிக்க ஆள் வேண்டும். ஒரு நாள் விட்டாலும் காய் பெருத்து விலை இறங்கிவிடும்.

சாதாரணத் தக்காளியைப் பாலிஹவுஸில் போட வேண்டாம். 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறி ஜுன்னர் விவசாயிகள் பெரும்பணம் பார்த்தார்கள் என்பது உண்மை. அது திறந்தவெளித் தக்காளி. அங்குள்ள நாராயண்காவ் சந்தையில் அது வந்து குவியும் மாதங்களில் கூரைக்குப் போட்ட முதலுக்கு வட்டிகூடத் தேறாது.

மண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கரிசலில் நீர் தேங்கும். செம்மண் கொண்டுவந்து மேட்டுப்பாத்தி போட லாரிக் கூலி ஆகும். ஒரே பாத்தியில் அடுத்தடுத்துப் பயிர் வைத்தால் வேரில் நூற்புழு முடிச்சு விழும். வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் இடுவதோடு, கோடையில் பாத்தியை நனைத்துப் பிளாஸ்டிக் போர்த்தி வெயிலில் வேகவிடவும் வேண்டும். காற்றையும் மறக்காதீர்கள்: 2020 ஜூன் 3 அன்று கரை கடந்த நிசர்கா புயல் இம்மாவட்டத்துப் பாலிஹவுஸ்கள் பலவற்றைக் கிழித்துப் போட்டது. காப்பீடு எடுக்காமல் கூரை எழுப்பாதீர்கள்.

கிழக்கே கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியை எட்டும் வெயிலில் பிளாஸ்டிக்குக் கீழே இன்னும் சூடு ஏறி, குடமிளகாய்ப் பூ உதிரும். பனித்தூவி, உள்வலை, மின்சாரம் என்று செலவு நீளும். அங்கே நிழல்வலைதான் சரி. கோடைக் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, நாற்றங்கால் எல்லாம் அதற்குள் நன்றாக வரும். மழை மட்டும் வலை வழியாக இறங்கிவிடும்.

தர்பூசணி, முலாம்பழம் போடுபவருக்கு இரண்டும் தேவையில்லை. டிசம்பர், ஜனவரியில் நட்டு, வளைத்த கம்பிமேல் க்ராப் கவர் என்ற மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தினால் குளிரும் வெள்ளை ஈயும் அண்டாது. பெண் பூ தோன்றியதும் எடுத்துவிட வேண்டும். தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. குத்தகை நிலத்துக்கும் இதுவே பொருத்தம். விவசாயி அல்லாதவர் மகாராஷ்டிராவில் வேளாண் நிலம் வாங்கச் சட்டம் தடையாக இருப்பதால் அப்படிப்பட்டவர்களுக்குக் குத்தகைதான் வழி. ஐந்தாண்டு ஒப்பந்தமாவது இல்லாத இடத்தில் இரும்புக் குழாய் நடாதீர்கள்.

பாலிஹவுஸுக்கும் நிழல்வலைக்கும் அரசு நிர்ணயித்த செலவில் பாதி மானியம் உண்டு. மாநில அரசின் மகாடிபிடி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டி முடித்து ஆய்வு நடந்த பிறகே பணம் வரும் என்பதால் முழுத்தொகையும் முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதல் முறை இறங்குபவர் 10 குண்டாவுக்கு மேல், அதாவது கால் ஏக்கருக்கு மேல், போக வேண்டாம். குழாய்க்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், புனேயின் குல்டேக்டி மார்க்கெட் யார்டுக்கு விடியற்காலையில் போய், உங்கள் காயை வாங்கப்போகும் வியாபாரியிடம் எந்த மாதம் என்ன விலை என்று கேட்டு எழுதி வாருங்கள்.