கேமராவுக்கு மனம் முளைத்துவிட்டதா?

வட்டப் பின்னல் இயந்திரத்தில் பொருத்தப்படும் கேமரா, துணியை மனிதரைப் போலவே பார்த்துப் புரிந்துகொள்கிறது, ஆகவே அதற்கும் மனம் உண்டு என்னும் பேச்சு திருப்பூர் நிட்டிங் கூடங்களில் சலிக்காமல் சொல்லப்பட்டு வருகிறது. நூல் அறுந்தவுடன் விளக்கெரிந்து இயந்திரம் தானே நின்றுவிடும் ஏற்பாடு அங்கு நெடுங்காலமாக உண்டு. அதற்கு மனம் இருப்பதாக எந்த ஃபிட்டரும் சொன்னதில்லை.

கேமராவின் வேலை அதனினும் நுட்பமானது என்பது மெய்யே. ஊசியின் லாட்ச், அதாவது கொக்கியைத் திறந்து மூடும் சிறு நாக்கு, பழுதானால் துணியின் நீளவாக்கில் கோடு விழும். கோடு விழுந்த, விழாத துணிகளின் படங்களை மனிதர்கள் ‘பழுது’, ‘நல்லது’ எனக் குறித்துக் கொடுக்க, விடை பொருந்தும் வரை கணினி தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதே ‘இயந்திரக் கற்றல்’ எனப்படுவது. துணி என்பது உடுத்தப்படும் பொருள் என்ற அறிவு அவ்வெண்களில் இல்லை. ஆதலால் வெள்ளைத் துணியில் மட்டும் பழக்கப்பட்ட கேமரா, பல நிற இழைகள் கலந்த மெலாஞ்ச் துணியின் இயல்பான புள்ளிகளையும் பழுதென்று கொண்டு இயந்திரத்தை நிறுத்தக்கூடும். துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசைப் பெண்ணோ கழிவாகப் போகும் கரையில் விழுந்த கோட்டை விட்டுவிடுவார், நடுவில் விழுந்ததைக் குறித்துவைப்பார், அது விடாமல் தொடர்ந்தால் “ஊசிய மாத்தச் சொல்லுங்க” என்று ஆளனுப்புவார். வெட்டித் தைத்து யாரோ அணியப்போகும் பனியனை எண்ணியே அவர் துணியைப் பார்க்கிறார். இவ்வேறுபாட்டைக் காண மறுப்பது சோம்பல் அன்றி வேறில்லை.

இயந்திரத்துக்கு மனம் உண்டா என்னும் இவ்வழக்கே துணித்தொழிலில் பிறந்தது எனலாம். ஜக்கார்டு தறியின் துளையட்டைகளைத் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டவர் சார்லஸ் பாபேஜ்; அப்பொறி ஏவியதைச் செய்யுமே தவிரத் தானாக எதையும் தோற்றுவிக்காது என்று 1843-இல் எழுதியவர் ஏடா லவ்லேஸ். 1950-இல் ஆலன் டூரிங் இதை மறுத்து, உரையாடலில் மனிதரெனத் தோன்ற இயந்திரத்தால் இயலுமா எனச் சோதிக்கச் சொன்னார். ஆனால் அச்சோதனை நடத்தையை அளக்குமே அன்றி அகத்தை அளக்காது. எந்நாளும் எந்த இயந்திரத்துக்கும் மனம் வாராது என்று இதனால் நிறுவப்படவில்லை. துணி பார்க்கும் கேமராவுக்கு அது இல்லை என்பதே இங்கு வழக்கு.

இயந்திரம் பிழையே செய்யாது என்பாருக்கு மெலாஞ்ச் துணியே போதிய விடை. ஆயுத பூஜையன்று சந்தனம் வைக்காவிட்டால் அது முரண்டுபிடிக்கும் என்பார், முதலில் உள்ளே சேர்ந்த பஞ்சுத் தூசைத் துடைக்கட்டும்.

துணியை அறிந்து பார்ப்பவர்கள் செக்கிங் பெண்களே ஆதலால், கேமராவுக்குப் படங்களைக் குறித்துத் தரும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்து, அதற்குத் தனிக்கூலி வழங்கி, ஊசிக்கோடு, ஓட்டை, எண்ணெய்க்கறை, லைக்ரா கட் என மேசையருகே வழங்கும் பெயர்களிலேயே பழுதுகளைப் பதியச் செய்வது முதலாளிகளின் கடமை.